பதினெட்டாம் எண்

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அந்தக் கல்லூரித் தோழிகள் பழைய வருகைப் பதிவேட்டு வரிசையில்தான் ஃபோனில் பேசிக்கொள்வார்கள். பதினேழாம் எண் மரகதம் பதினெட்டைக் கூப்பிட்டு, அதுவரை வந்த எல்லார் வீட்டுச் செய்தியோடும் தன் வீட்டுச் செய்தியையும் சேர்த்துச் சொல்லுவாள். பதினெட்டு அதைப் பத்தொன்பதுக்குச் சொல்லும். பதினெட்டாம் எண் குமுதவல்லி இறந்துபோய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மூன்று வருஷம் அவளோடு ஒரே விடுதி அறையில் இருந்த பிலோமினாதான் பத்தொன்பது. இருதய அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்ததால் அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இன்று மரகதம் சொல்லியாக வேண்டும். பிலோமினாவைக் கூப்பிடப் போன விரல், பாருங்கள், பழக்கத்தில் பதினெட்டையே அழுத்திவிட்டது.

“சொல்லுங்கம்மா,” என்றார் குமுதவல்லியின் கணவர். “உங்க ஃபோன் வரும்னுதான் உக்காந்திருக்கேன்.”

வைக்க மனமில்லாமல் மரகதம் சொன்னாள். வசுந்தராவின் பேத்திக்கு நிச்சயம் ஆகிவிட்டது. லூர்துமேரிக்கு இன்னொரு முழங்காலும் மாற்றியாயிற்று. “இனிமே ஓட்டப்பந்தயம்தான்னு சொல்றாண்ணா.”

“பிலோமினாவுக்கு நானே சொல்லிடறேம்மா. அது குமுதவல்லி வேலைதானே. எங்க வீட்டுச் செய்திய முதல்ல சொல்லணுமா, கடைசியிலயா?”

“கடைசியிலதாண்ணா. அவ எப்பவும் அப்படித்தான்.”



“நீங்க சொன்னது ஒண்ணும் மனசுல நிக்கலம்மா. முதல்லேருந்து இன்னொரு தடவ சொல்லுங்க.”

மரகதம் வசுந்தராவின் பேத்தியிலிருந்து மறுபடி தொடங்கினாள், இந்த முறை மெதுவாக.