நாலாம் மாடிப் புறா

கெய்ரோவில் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் ஷஹாத்துக்கு, நாலாம் மாடி வெண்டல் மீது சந்தேகம் வந்ததற்குக் காரணம் ஒரு துணிக்கொடி. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் அந்த அமெரிக்க வாத்தியார், தன் பாஸ்போர்ட்டைத் துவைத்து, கிளிப் போட்டுக் காயவைத்திருந்தார்.

“முத்திரை ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டாரு!” என்றார் ஷஹாத், வாசலில் இஸ்திரி போடும் பயூமியிடம்.

“சட்டைப் பையோட மெஷின்ல போட்டிருப்பாருப்பா.”

“நீ ஒரு அப்பாவி.”

அன்று மாலையே படிக்கட்டில், வெண்டல் தன் அரைகுறை அரபியில் போனில் கெஞ்சுவது ஷஹாத்தின் காதில் விழுந்தது. “எந்த நாட்டுக்குப் போனாலும் அமெரிக்கா விடாதாமே சார்! எனக்கு இதுதான் முதல் தடவை. நீங்கதான் காப்பாத்தணும்!”

“கொலைதான்,” என்று முடிவு கட்டினார் ஷஹாத்.

பயூமிக்கு மனசு கேட்கவில்லை. “என் பொண்ணுக்குக் காசு வாங்காம பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷன்யா. அவரைப் போய்க் காட்டிக்கொடுத்தா சாப்பாடு இறங்குமா?”

விஷயம் ரகசியமாகத் தெரு முழுக்கப் பரவியது.

வியாழக்கிழமை மதியம், கோட்டு போட்ட ஒருவர் கையில் ஃபைலோடு வந்து, வெண்டலின் போட்டோவை நீட்டினார். “நாலாம் மாடியில இவர் இருந்தாரா?”

“நாலாம் மாடியா? அங்க பத்து வருஷமா புறாதான் சார் குடியிருக்கு,” என்றார் ஷஹாத்.

வெண்டலின் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, அமெரிக்கர் யாரையும் தான் பார்த்ததே இல்லை என்றார் பயூமி. தினமும் காலையில் வெண்டலுக்கு ரொட்டியில் அவரைக்கொட்டை மசியல் வைத்துக் கொடுக்கும் வண்டிக்காரர், அமெரிக்கர்களை டிவியில் பார்த்ததோடு சரி என்று சத்தியமே செய்தார்.

வந்தவர் எல்லாவற்றையும் எழுதி, வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஷஹாத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் வெண்டல் ஒரு தட்டு இனிப்போடு இறங்கி வந்தார்.

“இனிமே நிம்மதியா இருங்க வாத்தியாரே. தெருவே உங்க பக்கம்!”

“தெரியும்! அதான் தெருவுல ஆளனுப்பி விசாரிச்சுக்கோங்கன்னு என் ஆடிட்டர்கிட்ட தைரியமாச் சொன்னேன். பாஸ்போர்ட் வேற மெஷின்ல போய் முத்திரையெல்லாம் அழிஞ்சுபோச்சா, வருஷத்துல முன்னூத்து முப்பது நாள் நான் அமெரிக்கா போகாம இங்கயேதான் இருந்தேன்னு உங்க எல்லார் கையெழுத்தும் இருந்தாத்தான் அங்க எனக்கு வரி தள்ளுபடியாம்!”