செவலையின் பொத்தான்

மாட்டுப் பொங்கலன்று துளசிமணி செவலைப் பசுவையும் நாய் டைகரையும் குளிப்பாட்டிவிட்டு, கழற்றி வைத்திருந்த ரத்தப் பொத்தான்களை மறுபடி அவற்றின் கழுத்தில் ஒட்டினாள். இரண்டும் சிவப்பாக எரிந்தன. வெள்ளை அணுக்களைப் பார்த்து, நலமென்றால் பச்சையும் நோயென்றால் சிவப்பும் காட்டுகிற பொத்தான் அது. சிவப்பு எரிந்தால் கால்நடை வண்டி தானாக வாசலுக்கு வரும். அதில் ஏறிய உயிர் திரும்பி வருவது அபூர்வம்.

வண்டி வந்தேவிட்டது. பசு சாவகாசமாகக் கரும்புத் தோகையை மென்றுகொண்டிருந்தது. நாய் வாலை ஆட்டியது. துளசிமணிக்கு அழுகை முட்டியது.

"நல்லாருக்கற சீவனையா கொண்டுபோறீங்க? உங்க பொத்தான்தான் கெட்டுப்போச்சு!" என்று அவள் புருஷன் நாச்சிமுத்து, வண்டியில் வந்த டாக்டர் ரெஜினாவின் மேல் வள்ளென்று விழுந்தான். பசுவின் பொத்தானைப் பிடுங்கித் தன் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டான். அது பச்சையாக எரிந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார்.

"மாட்டுப் பொத்தான் மனுஷனுக்குப் பச்சை காட்டாதுங்க. மாட்டுக்கு ஒரு வகை வெள்ளை அணு ஜாஸ்தி, நமக்கு வேற வகை. நாய்க்கும் நமக்கும்தான் கணக்கு ஒத்துப்போகும். இது நாயோடது. குளிப்பாட்டிட்டு மாத்தி ஒட்டிட்டீங்க."

சரியாக ஒட்டியதும் இரண்டும் பச்சை. துளசிமணி டாக்டரின் கையில் ஒரு கிண்ணம் பொங்கலைத் திணித்தாள்.

"நாய்க்கும் இவருக்கும் கணக்கு ஒத்துப்போகும்னு கல்யாணமான மறுநாளே எனக்குத் தெரியுமுங்க டாக்டர்" என்றாள்.

"என்ன புள்ள சொன்னே?" என்று நாச்சிமுத்து மறுபடி வள்ளென்று விழுந்தான்.

டைகரும் கூடச் சேர்ந்துகொண்டது.