அரை இஞ்ச்

"இந்தத் தடவையும் அரை இஞ்ச் பிரிச்சு விட்டுடுங்க தம்பி."

டிரைவர் வீட்டு அக்கா பையிலிருந்து இரண்டு நீலப் பேண்டையும் எடுத்து மேஜையில் வைத்தாள். டெய்லருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

பின்னே? மூன்று மாதத்தில் இது ஆறாவது தடவை. அதே இரண்டு பேண்ட், அதே இடுப்பு, அதே அரை இஞ்ச். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன், நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர். அவர் இடுப்பு இப்படி ஏறிக்கொண்டே போனால் என்ன அர்த்தம்?

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணனுக்கு டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"எண்ணெய், இனிப்பு ஆகாது, தினமும் ஒரு மணி நேரம் நடக்கணும்னாரு."

"நீங்க என்ன பண்றீங்க? வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டுக்கிட்டே இருக்கீங்க! பாசம் வேண்டியதுதான். அதுக்குன்னு மனுஷனைச் சோறு போட்டே அனுப்பி வச்சிடுவீங்க போலிருக்கே!"

இத்தனையும் சொல்லிவிட்டு டெய்லர் ஐந்தாவது பிஸ்கட்டை டீயில் நனைத்தார். அவர் சட்டைப் பொத்தான் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் இடுப்பு ஏறவே இல்லை தம்பி. இறங்கவும் இல்லை. அதான் பிரச்சினை."

"அப்படின்னா?"

"ஒரு மாசம் வாயைக் கட்டி, நாங்க ரெண்டு பேரும் தினமும் நடந்தோம். எடை மெஷின்ல ஏறிப் பார்த்தா ஒரு கிலோ குறையலை. 'இந்த வயசுல திருந்தி என்ன ஆகப்போகுது, நாளையிலிருந்து நான் வரலை'ன்னு படுத்துட்டாரு. எடையை விடுங்க, நெஞ்சுக்கு நல்லது நடந்துக்கிட்டிருக்கு, நிறுத்திடாதீங்கன்னு டாக்டர் சொல்றாரு. இவர் காதுல ஏறுமா? மெஷின் ரிப்பேர்னு சொல்லிப் பரண்ல ஏத்திட்டு, அவருக்குத் தெரியாம பேண்டை எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வந்தேன்."

"பேண்ட் லூசானதும்?"

"அடேயப்பா! 'பாத்தியா, பாத்தியா'ன்னு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வீடெல்லாம் சுத்தறாரு. காலையில எனக்கு முன்னாடி செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு."

டெய்லருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பேண்டைத் திருப்பிப் பின் தையலைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, உள்ளே விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்துபோச்சு. இதுக்கு மேல பிரிச்சா தையல் நிக்காது."

"ஒட்டு ஏதாவது வச்சு...?"

"இது டிப்போவுல கொடுக்கிற யூனிபார்ம் துணியாச்சே. இந்த நீலம் கடையில கிடைக்காது. வேற துணி வச்சா பளிச்சுன்னு தெரிஞ்சிடும்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"இந்த வாரம் லூசாகலேன்னா மறுபடி படுத்துடுவாரே தம்பி. இன்னொரு தடவை வலி வந்தா தாங்காதுன்னு சொல்லியிருக்காங்க."

பேண்டை அங்கேயே விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்று முழுவதும் டெய்லருக்கு வேலையே ஓடவில்லை.

மறுநாள் சாயங்காலம் கடை வாசலில் டிரைவரே வந்து நின்றார். பேண்ட் இரண்டும் இங்கே கிடந்ததால், வீட்டில் போடும் பைஜாமாவோடு வந்திருந்தார். டெய்லர் சட்டென்று யாரோ தைக்கக் கொடுத்த ஜன்னல் திரையை இழுத்துப் பேண்ட் மேல் போட்டார்.

"வாங்கண்ணே! அடடா, எப்படி இளைச்சுட்டீங்க!"

"புளுகாதீங்க தம்பி. மருந்துக் கடை மெஷின்ல ஏறிட்டுத்தான் வர்றேன். ஒரு கிலோ கூடியிருக்கு."

டிரைவர் திரையை விலக்கிப் பேண்டை எடுத்து உட்புறம் திருப்பினார்.

"பழைய தையல் நீல நூல். நீங்க பிரிச்சுத் தச்சது கறுப்பு நூல். முதல் தடவையே பார்த்துட்டேன்."

கைக்குக் கிடைத்த நூலைப் போட்டது யார் குற்றம்? டெய்லர் அசடு வழிந்தார்.

"அக்கா மேல கோபப்படாதீங்கண்ணே. உங்க நல்லதுக்குத்தான்..."

"கோபமா? அவளுக்கு எட்டு வருஷமா சுகர் தம்பி. டாக்டர் சொல்லி, பொண்ணு சொல்லி, நான் தொண்டை வறளக் கத்தியும் ஒரு நாள் நடந்திருப்பாளா? 'எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்'பா. பிள்ளைங்க தட்டுல மிஞ்சினதைத் தின்னே பழகின வாய், கட்டுப்படுமா? இப்ப எனக்குத் துணைக்குன்னு தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறா. எனக்கு ஆக்கற பத்தியத்தையே அவளும் சாப்பிடறா. போன வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். எட்டு வருஷத்துல முதல் தடவையா சுகர் கட்டுக்குள்ள வந்திருக்கு."

டெய்லர் அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நேத்து வெறுங்கையோட வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. துணி தீர்ந்துபோச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

டிரைவர் பைஜாமா பையிலிருந்து மடித்த நீலத் துணி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"டிப்போவுல இன்னும் வேலையில இருக்கிற சிநேகிதன்கிட்ட கெஞ்சி, அவன் யூனிபார்ம் துணியில வெட்டி வாங்கிட்டு வந்தேன். இதை உள்ளே ஒட்டுக் கொடுத்து அரை இஞ்ச் விடுங்க. அவ கேட்டா, உங்க கடையிலேயே ஒரு மூலையில கிடந்துச்சுன்னு சொல்லிடுங்க."

"எல்லாம் தெரிஞ்சுதான் நடக்கறேன்னு அக்காகிட்ட நேராவே சொல்லிடலாமே அண்ணே?"

"ஐயய்யோ, கெடுத்தீங்க! நான் எங்கே நிறுத்திடுவேனோன்னு பயம் இருக்கிற வரைக்கும்தான் தம்பி அவ நடப்பா."