திங்கட்கிழமை ரிப்போர்ட்

டேட்டாபேஸ்காரருக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது முறையாக எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"என்னண்ணே, புது டூல்னதும் பயமா இருக்கா? இருபது வருஷமா டேபிளோட குடும்பம் நடத்துறவரு நீங்க!" என்று கிண்டலடித்தாள் பக்கத்து சீட்டுக்காரி.

"சும்மா இரும்மா."

புது டூலில் பயிற்சி கொடுக்க வந்த பெண் திரைக்கு முன்னால் நின்றாள். "இப்போ உங்க ஆபீஸ் ரிப்போர்ட் ஒண்ணையே எடுத்து அலசுவோம். எதை எடுக்கலாம்?"

"நம்ம அண்ணனோட திங்கட்கிழமை விற்பனை ரிப்போர்ட்டை எடுங்க" என்றார் பின்வரிசையில் இருந்த மேனேஜர். "அதைப் பார்க்காம நான் காபியைக்கூடத் தொடமாட்டேன்."

டேட்டாபேஸ்காரர் அவசரமாகக் கையைத் தூக்கினார். "அது வேணாம் சார்... வேற ஏதாவது..."

"கூச்சப்படாதீங்கண்ணே!" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

புது டூலைப் பார்த்து அவர் பயப்படவில்லை. தானாகவே தயாராகி எல்லோருக்கும் போகும் அந்த ரிப்போர்ட்டில் ஏழு மாதமாக ஒரே வாரத்தின் எண்களே வந்துகொண்டிருப்பதை அன்று காலையில்தான் கண்டுபிடித்திருந்தார். தெரிந்தால் வேலைக்கே உலைதான்.

"எண்களை அப்புறம் பார்ப்போம்" என்றாள் அந்தப் பெண். "தயாரிச்சவரைத் தவிர, இந்த வருஷம் இதை யார் யார் திறந்து பார்த்தாங்கன்னு முதல்ல ஒரு சார்ட் போடுவோம்."

பட்டனை அழுத்தினாள். திரையில் பூஜ்யம் வந்தது.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

டேட்டாபேஸ்காரர் மெல்ல எழுந்தார்.

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்கம்மா" என்றார் கெஞ்சலாக. "ஒருத்தராவது இருப்பாங்க."