கார் படமா, பேய்ப் படமா?

“எங்க பேய்ப் படம் பன்னிரண்டு பாகம் வந்தாச்சு. உங்க கார் படம் எட்டுலயே மூச்சு வாங்குது!”

“யோவ் டெய்லர், எண்ணிக்கையா பெருசு? எங்க எட்டாம் பாகத்து வசூல், உங்க பன்னிரண்டையும் சேர்த்தாலும் வராது.”

“டிக்கெட் விலையை ஏத்திட்டு வசூல்னா எப்படி? தலையை எண்ணுங்க டிரைவரே, தலையை!”

டயாலிசிஸ் வார்டு. அடுத்தடுத்த கட்டில். இருவர் கையிலும் குழாய். ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்ப நாலு மணி நேரம். கை அசையக் கூடாது. வாய்க்கு அப்படி ஒரு தடையும் இல்லை.

டிரைவரின் மகள் பல்லைக் கடித்தாள். எப்போதும் அப்பாவை இறக்கிவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாள். இன்றுதான் லீவு போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“நூறு காரை நொறுக்கிச் சம்பாதிக்கிறது ஒரு வெற்றியா? எங்களுக்கு ஒரு பாழடைஞ்ச பங்களா, ரெண்டு மெழுகுவர்த்தி. போட்டதுக்கு அம்பது மடங்கு!”

“அந்த மெழுகுவர்த்தியை ஊதிட்டா உங்க படமே முடிஞ்சுது!”

வார்டே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. எழுந்து சிஸ்டரிடம் போனாள்.

“அப்பாவுக்கு வேற கட்டில் கொடுங்க சிஸ்டர். ஆரம்பத்துலயே வரமாட்டேன்னு அடம் பிடிச்சவர். இந்த ஆள் கத்தறதுல வெறுத்துப்போய் நிறுத்திட்டார்னா? நிறுத்தினா ரெண்டு வாரம்கூடத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

சிஸ்டர் ஒரு மாதிரி பார்த்தாள். “மாத்திடலாம். அதுக்கு முன்னாடி டெய்லர்கிட்டயே ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்.”

அப்பாவுக்கு ஊசி எடுத்து, எடை பார்க்கக் கூட்டிப் போனார்கள். டெய்லருக்கு இன்னும் அரை மணி பாக்கி. மகள் கட்டிலருகே போய் நின்றாள்.

“ஏங்க, முடியாத மனுஷன்கிட்ட இப்படியா மல்லுக்கு நிக்கறது?”

டெய்லர் குரலைத் தாழ்த்தினார்.

“கோவிச்சுக்காதம்மா. வந்த புதுசுல உங்கப்பா சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டு, ‘போதும், இனிமே வரல’ன்னு சொல்லிட்டார். பஸ் ஓட்டினவராச்சே, கார் படம் பிடிக்கும்னு நினைச்சு, ‘அதெல்லாம் ஒரு படமா, பேய்ப் படத்து முன்னாடி நிக்குமா’ன்னு சீண்டினேன். மனுஷன் சிலிர்த்துக்கிட்டார். அடுத்த தடவை வசூல் விவரத்தைத் துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு வந்து நிக்கறார்!”

“நீங்க அவ்வளவு பேய்ப் படம் பார்ப்பீங்களா?”

“ஐயோ! போஸ்டர் இருந்தா அந்தத் தெருப் பக்கமே போகமாட்டேன், பயம். பேப்பர்ல படிச்சு மனப்பாடம் பண்ணிட்டு வரேன். அப்பாகிட்ட உளறிடாதே, தாயி.”

குளிரில் நடுங்கிய அவர் கால்களை மகள் போர்வையை இழுத்து மூடினாள்.

சிஸ்டரிடம் போய், “கட்டில் அங்கேயே இருக்கட்டும்” என்றாள்.

காரில் அப்பா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வந்தார்.

“அப்பா, உங்க கார் படம் ஒன்பதாம் பாகம் வருதாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போகவா?”

“எனக்கா? முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடிச்சவனுக்குக் கார் படம் ஒரு கேடா? ஒரு பாகம்கூடப் பார்த்ததில்ல.”

மகள் பிரேக்கை மிதித்தாள். “அப்புறம் எதுக்குப்பா அவ்வளவு சண்டை?”

“ரோட்டைப் பார்த்து ஓட்டு” என்றார் அப்பா. “அந்த டெய்லருக்கு வீட்ல பேச்சுத் துணைக்கு ஈ, காக்கா கிடையாது. பேய்ப் படம்னா உசிரு. நான் வரலைன்னா, பாவம், யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவான்?”