அன்றைய வார்த்தை

மூன்றாவது தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

“வேற விரல் வைங்க பாட்டி” என்றாள் மெஷின் வைத்திருந்த பெண்.

பச்சையம்மா விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். பீடி சுற்றித் தேய்ந்த விரல்கள். பத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று. ரேகை இருந்தால்தானே மெஷின் பிடிக்கும்.

பக்கத்து நாற்காலியில், அவள் புருஷனோடு பட்டாளத்தில் இருந்த அவர் உட்கார்ந்திருந்தார்.

வருஷா வருஷம் நவம்பரில் முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கட்டடத்தில் இதே கூத்துதான். உயிரோடு இருக்கிறோம் என்று பென்ஷன்காரர்கள் விரல் வைத்துக் காட்ட வேண்டும். அவருக்கு ஒரே தொடலில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. வலது கை ஆள்காட்டி விரல். எழுபத்தெட்டு வயசிலும் ரேகை அழியாமல் கிடக்கிறது, சனியன்.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். கூட இருங்கண்ணா என்று அவள் கேட்டுக்கொண்டாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது.

மெஷின்காரப் பெண் ஒரு தாளை எடுத்தாள்.

“இது எடுக்காது. இவங்க வீட்டுக்காரரோட பட்டாளத்துல இருந்தவங்க யாராவது சாட்சி எழுதித் தரணும். எப்படித் தெரியும், எப்படி இறந்தாரு, ரெண்டு வரி போதும்.”

பச்சையம்மாவின் முகம் தெளிந்தது. “இதோ அண்ணனே இருக்காரே. ஒரே பங்கர்ல இருந்தவரு.”

பேனா அவர் கைக்கு வந்துவிட்டது.

இறந்தவர் பெயர். முனிரத்தினம் என்று எழுதினார்.

பட்டாளத்தில் சேர்ந்த வருஷம். எழுதினார்.

இறந்த விதம்.

பேனா நின்றது.

எழுபத்தொன்று, டிசம்பர். எல்லையை ஒட்டி ஒரு கரும்புக் காடு. தினமும் சாயங்காலம் மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை வரும். காவலில் இருப்பவன் நிறுத்திக் கேட்டால் அன்றைய வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொன்னால் நம் ஆள். சொல்லாதவன் எதிரி. அதைக் கேட்டு வந்து எட்டுப் பேருக்கும் சொல்வது அவர் வேலை.

ஏழு பேருக்குச் சொன்னார்.

முனிரத்தினத்தோடு மூன்று நாளாகப் பேச்சு இல்லை. காரணத்தைச் சொன்னால் காறித் துப்புவார்கள். ஊரிலிருந்து பச்சையம்மா தட்டை அனுப்பியிருந்தாள். இவர் காவல் முடிந்து வருவதற்குள் டப்பா காலி. எனக்கென்று ரெண்டு எடுத்து வைக்கத் தோன்றவில்லையே இவனுக்கு என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவனாக வந்து பேசட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அவன் தண்ணீர் எடுக்கப் போனது அவருக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்து பனி இறங்கிவிட்டது. காவலில் நின்ற அவருக்கு எதிரே கரும்பு அசைந்தது. நிறுத்தினார். கேட்டார்.

முந்தின நாள் வார்த்தை வந்தது.

குரல் முனிரத்தினத்தின் குரல். காது அதைக் கண்டுபிடிப்பதற்குள் விரல் முந்திக்கொண்டது.

எதிரி சுட்டுவிட்டான் என்றார். அன்றைக்கு நாலா பக்கமும் குண்டு பறந்துகொண்டிருந்தது. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

“என்ன தாத்தா, கண்ணாடி வேணுமா?” என்றாள் மெஷின்காரப் பெண்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

இத்தனை வருஷமும் பொய்யை வாயால் சொன்னதோடு சரி. கையால் எழுதியதில்லை. நிஜத்தை எழுதிவிடலாம் என்றால், மேலே உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வானோ. எதிரி சுடவில்லையா, அப்படியானால் நிறுத்து என்று பென்ஷனை நிறுத்திவிட்டால்? புருஷனைக் கொன்றது போதாதென்று அவள் சோற்றிலும் மண்ணைப் போடுவதா.

தாளின் மேல் பேனா ஒரு பொட்டு மை கக்கியது.

துக்கத்தில்தான் தயங்குகிறார் என்று பச்சையம்மா நினைத்துக்கொண்டாள்.

“கடைசிக் கடுதாசி பூரா உங்க பேச்சுதாண்ணா” என்றாள். “அண்ணனுக்கு எம்மேல கோவம், பேசவே மாட்டேங்கறாரு. அவருக்குன்னு தனியா ஒரு டப்பா தட்டை அனுப்பு, நானே கையில குடுத்து சமாதானம் பண்ணிக்கறேன்னு எழுதியிருந்தாரு. மாவுகூட அரைச்சு வெச்சிட்டேன். அதுக்குள்ள தந்தி வந்துடுச்சி.”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகு எழுதினார். எதிரியின் குண்டு பட்டு. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி. கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண் முத்திரை குத்தித் தாளைக் கோப்பில் வைத்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வருஷத்துக்கு அவள் உயிரோடு இருக்கிறாள்.

இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். பச்சையம்மா பையைத் தோளில் மாட்டினாள். “வரேண்ணா, பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்.”

“குலாப்” என்றார் அவர்.

அவள் நின்றாள்.

“அன்னைக்கு வார்த்தை குலாப்பும்மா. எட்டுப் பேருக்கும் நான்தான் சொல்லணும். அவன்கிட்ட மட்டும் நான் சொல்லல.”

வலது கை விரலை இடது கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள்.

வாசலில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் அடித்தான். புறப்பட்டுப் போயிற்று.

பச்சையம்மா தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவருக்கு இடம் விடவில்லை.

“மீதியைச் சொல்லு” என்றாள்.