மட்கார்டில் ஒரு பள்ளம்

அந்த வீட்டில் எந்த நிறத்தின் பெயரையும் யாரும் சொல்வதில்லை.

அப்படியொரு விதியை எவரும் இயற்றவில்லை. ஆயினும் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். தம்பி மனைவி மெற்றில்டா, கொடியில் கிடக்கும் சேலையை எடுத்துவரச் சொன்னால் ‘பூப்போட்டது’ என்பாள். காய்கறி வண்டிக்காரரிடம், ‘வத்தல் இல்லண்ணே, மத்த மிளகாய்’ என்று கேட்கவும் பழகியிருந்தாள்.

அக்கா, காரின் பானட்டின் மீது உள்ளங்கையை வைத்தாள்.

கண்களை மூடிக்கொண்டாள்.

கண் தவறவிடும் மேடுபள்ளத்தைக் கை கண்டுபிடித்துவிடும். முன்விளிம்பிலிருந்து கண்ணாடி வரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். பிறகு கதவுகள். பிறகு கூரையின் ஓரம்.

எங்கும் கை தடுக்கவில்லை.

அவளுக்குத் திக்கென்றது.

வேலை முடிந்துவிட்டது.

அப்பா இருவருக்குமாக விட்டுச்சென்ற பழைய ஃபியட் அது. அதற்குப் புதுப் பூச்சு அடிக்க நினைத்த நாளில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். அவள், அப்பா ஓட்டிய காலத்தில் இருந்ததையே கேட்டாள். லாரன்ஸ், சிறுவயதிலிருந்து மனத்தில் வைத்திருந்த வேறொன்றைக் கேட்டான். நிறத்தில் தொடங்கிய பேச்சு, கடைசி நாட்களில் அப்பாவின் அருகில் இருந்தது யார் என்பதில் போய் நின்றது.

அதன்பின் பேச்சே இல்லை.

மாடியில் அவள். கீழே அவன். ஒரு கிறிஸ்துமஸ்கூட அப்படியே கழிந்தது.

தூத்துக்குடியின் உப்புக்காற்றுக்கு அந்த மௌனம் வசதியாக இருந்தது. அது கதவுகளின் அடிவிளிம்பைத் தின்றது. தரைத்தகட்டைத் தின்றது. மழை பெய்தால் காருக்குள் விழுந்த நீர் காருக்கடியிலேயே ஒழுகிப் போனது.

பிறகு ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்தவள், கீழே யாரோ தகட்டைச் சுரண்டும் ஓசையைக் கேட்டாள். உடைமாற்றிக்கொண்டு படியிறங்கினாள். லாரன்ஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் குந்தினாள்.

அன்று முதல் ஞாயிறுகள் அவர்களுடையவை.

துருப்பிடித்த இடங்களை வெட்டியெடுத்தார்கள். புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். மேடுபள்ளத்தை நிரவும் பட்டியைப் பூசிக் காயவிட்டுத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கப் பழைய பூச்சுகள் ஒன்றனடியில் ஒன்றாக, வளையம் வளையமாகத் தெரிந்தன.

இருவரும் பார்த்தார்கள். எதையும் பெயர்சொல்லி அழைக்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். பங்குச்சாமியாரின் முடிவில்லாத பிரசங்கம். கியர் மாற்றும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்ளும் அப்பா. ஒருமுறை அவர் பிரேக்கை அழுத்தியதில் பின்சீட்டு மீன்குழம்பு முழுவதும் அத்தையின் மடிக்கு இடம்பெயர்ந்தது. லாரன்ஸ் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒருநாள் பெயிண்டர் ஒருவர் காரைப் பார்க்க வந்தார். சுற்றிவந்து தலையசைத்துவிட்டு, ‘என்ன க...’ என்று தொடங்கினார். மெற்றில்டா அவரை அப்படியே சாப்பிட அழைத்துப் போனாள்.

பட்டி வேலை மட்டும் தீரவேயில்லை. வாராவாரம் யாராவது ஒருவர் கையில் ஏதாவது ஒரு குறை அகப்பட்டது. போன ஞாயிறு, கதவில் ஒரு மேடு இருப்பதாக அவள் சொன்னாள். இல்லாத மேடு. லாரன்ஸ் நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, ஆமாம், இருக்கத்தான் செய்கிறது என்றான்.

“இப்படியே தேய்ச்சா கார் தேஞ்சு சைக்கிளாயிரும்,” என்றாள் மெற்றில்டா, அடுக்களை ஜன்னல் வழியே.

இன்று அக்காவுக்குச் சொல்ல ஒரு பொய்கூட மிஞ்சவில்லை.

பட்டிக்குப் பின் அடிப்பூச்சு, பிரைமர். பிரைமருக்குப் பின் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி. அது இம்முறை எங்கே போய் நிற்கும்?

டீ எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மெற்றில்டா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். இவள் ஜன்னலோரம் நின்றாள்.

வெளியே, லாரன்ஸ் முன்சக்கரத்து மட்கார்டைத் தடவிக்கொண்டிருந்தான். இடமிருந்து வலம். வலமிருந்து இடம்.

அவன் கையும் எங்கும் நிற்கவில்லை.

தெருவைப் பார்த்தான். வாசற்கதவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்க்க மறந்தான்.

தோளில் கிடந்த துண்டை நான்காக மடித்து மட்கார்டின் மீது வைத்தான். சின்னச் சுத்தியலை எடுத்தான்.

ஒரே ஒரு தட்டு.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

அவள் டம்ளர்களோடு வெளியே வந்தபோது, முகத்தை மிகுந்த கவலையோடு வைத்திருந்தான். இங்கே ஒரு பள்ளம் இருப்பதாகவும், இத்தனை நாள் இது எப்படிக் கையில் அகப்படாமல் போனதென்றே தெரியவில்லை என்றும், இனி ஒரு மாதமாவது இழுக்கும் என்றும் சொன்னான்.

அவள் குனிந்து தொட்டாள்.

பள்ளம் இருந்தது. விளிம்பில் பட்டி புதிதாகப் பொரிந்திருந்தது.

அடக்கத்தான் பார்த்தாள். டீ தளும்பிக் கையில் வழிந்தது. சிரிப்பு அதற்கு முன்பே வழிந்துவிட்டது.

எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தவன், அவள் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தான். அங்கிருந்து மட்கார்டு எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். துண்டு குலுங்கியது.

என்ன ஆயிற்று என்று பார்க்க, ஈரக்கையோடு மெற்றில்டா வாசலுக்கு வந்தாள்.

அக்கா டம்ளர்களைப் பானட்டின் மீதே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மெற்றில்டாவுக்குக் கேட்கும்படி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“பச்சை. உன் பச்சையே அடிப்போம்டா, லாரன்ஸ். முதல்ல நான்தான் ஓட்டுவேன்.”